ட்ரெக்கிங் பை: எடையை மட்டும் பார்த்து வாங்கினால் முதுகுதான் அவதிப்படும்

ட்ரெக்கிங் பை தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்கள்: எத்தனை லிட்டர், எத்தனை கிராம். இரண்டும் தேவைதான். ஆனால் நாலு மணி நேரம் ஏறிய பிறகு தோள் எரியுமா, இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்ளுமா என்பதை அவை சொல்லாது. பையின் நீளம் உங்கள் முதுகுக்குப் பொருந்துகிறதா, சுமை இடுப்பெலும்பில் இறங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அது அமையும். பொருந்தாத 900 கிராம் பை தோளை அறுக்கும். பொருந்திய ஒன்றரைக் கிலோ பை, அதே சாமானோடு, நாள் முழுக்கத் தொல்லை கொடுக்காமல் வரும்.

ரொம்பப் பேர் செய்யும் தவறு, ஆள் உயரத்தை வைத்து சைஸ் எடுப்பது. ஆறடி ஆளுக்குக் கால் நீளமாக இருந்து முதுகு குட்டையாக இருக்கலாம். ஐந்தேகால் அடிப் பெண்ணுக்கு அவரைவிட முதுகு நீளமாக இருக்கலாம். பைக்கு வேண்டியது முதுகின் நீளம் மட்டும்தான். அதை வீட்டிலேயே அளந்துவிடலாம், தையல் டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். தலையை முன்னால் குனியுங்கள். கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே டேப்பின் நுனி. அப்புறம் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் கையால் அழுத்திப் பார்த்தால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இரண்டு கையையும் அந்த விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டுங்கள். இரண்டு கட்டைவிரலுக்கும் இடையே ஒரு கோடு போட்டால், அது முதுகெலும்பைத் தொடும் இடம்வரை டேப்பை இறக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது வரும் அளவுதான் கணக்கு. பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 38 முதல் 52 சென்டிமீட்டருக்குள் வரும். மீடியம் என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் பட்டியலில் எழுத்தைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது இடுப்புப் பட்டை. நம் ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்! அந்த எலும்புக்குச் சுமை தாங்கும் வலு உண்டு. தோளின் தசைக்கு அவ்வளவு இல்லை. நல்ல பையில் சுமையின் பெரும்பங்கு இடுப்புக்குப் போய்விடும், தோள் வார் பையைப் பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பட்டை அகலமாக, உள்ளே கெட்டியான ஃபோமோடு இருக்க வேண்டும், இடுப்பெலும்பின் விளிம்பு பட்டையின் நடுவில் வர வேண்டும். நிறையப் பேர் அதைத் தொப்புளுக்கு மேலே, வயிற்றில் இறுக்கிக்கொள்கிறார்கள். வயிறு எதையும் தாங்காது, மூச்சுதான் முட்டும். சிறிய பைகளில் இரண்டு விரல் அகலத்தில் வெறும் நாடா மாதிரி ஒன்று வரும்; அது பை ஆடாமல் இருக்க மட்டும்தான். அதை நம்பி 10 கிலோ ஏற்றக்கூடாது. இன்னொன்று, பக்கிள் வைத்த தோல் பெல்ட்டைப் பேண்ட்டில் போட்டுக்கொண்டு அதன்மேல் இந்தப் பட்டையை இறுக்கினால் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும்.

இப்போது எடை குறைந்த பைகளுக்கு வருவோம். உள்ளே கம்பியோ தகடோ இல்லாத, ஃபிரேம் இல்லாத பைகள் அமெரிக்காவில் 1990களில் ரே ஜார்டைன் போன்றவர்களால் பரவின. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை போகும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் மாதிரியான நீண்ட பாதைகளில் நடக்கிறவர்கள் அவர்கள். கூடாரம், தூங்கும் பை, அடுப்பு எல்லாவற்றையும் குறைத்து, சாப்பாடும் தண்ணீரும் நீங்கலாக நாலரைக் கிலோவுக்குள் கொண்டுவந்த பிறகுதான் பையையும் இலேசாக்கினார்கள். நாம் செய்வது தலைகீழ். முதலில் 700 கிராம் பையை வாங்கிவிட்டு, அதில் பழைய இரண்டு கிலோ கூடாரத்தையும் ஜீன்ஸையும் பவர் பேங்கையும் திணிக்கிறோம். ஃபிரேம் இல்லாத பை ஏறக்குறைய 9 கிலோவரை சௌகரியமாக வரும். அதைத் தாண்டினால் நடுவில் மடங்கி, இடுப்புப் பட்டை இருந்தும் சுமை முழுக்கத் தோளுக்கு வந்துவிடும். எனவே பையைக் கடைசியில் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் தண்ணீரோடு சேர்த்து ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள். 10, 12 கிலோ வருகிறதென்றால் உங்களுக்கு ஃபிரேம் உள்ள பைதான். ஒரு கிலோ முதல் 1.4 கிலோவுக்குள் நல்லவை கிடைக்கின்றன, அந்தக் கூடுதல் அரைக் கிலோவை நினைத்து வருத்தப்பட வேண்டியதில்லை.

லிட்டர் விஷயத்திலும் வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 60, 70 லிட்டர் என்பது எல்லாவற்றையும் தானே சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கு. உத்தராகண்டில் கேதார்கந்தாவுக்கு ஒரு குழுவோடு போகிறீர்கள் என்றால் கூடாரம், தூங்கும் பை, சாப்பாடு பெரும்பாலும் அவர்களே தந்துவிடுவார்கள். குளிர் ஆடைகளுக்கு 45, 50 லிட்டர் தாராளம். வெள்ளியங்கிரி மாதிரி ஒரே நாளில் ஏறி இறங்க 20, 25 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் காலி இடத்தைப் பார்த்து இன்னும் நாலு பொருள் உள்ளே போகும், அது எல்லாருக்கும் நடக்கிறது.

வாங்குவதற்கு முன் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பது சோதனையே ஆகாது. கடையில் மாதிரிச் சுமை இருந்தால் ஏழெட்டுக் கிலோ போடச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், டேக்கை வெட்டாமல், ஐந்து கிலோ அரிசிப் பையைப் போர்வையில் சுற்றி நடுவில் வைத்து, இரண்டு லிட்டர் தண்ணீரும் சேர்த்து மாட்டிப் பாருங்கள். எல்லா வாரையும் தளர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். முதலில் இடுப்புப் பட்டை, அது சரியாக உட்கார்ந்ததும் தோள் வார், பிறகு தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார், கடைசியில் நெஞ்சு வார். அந்தச் சின்ன வார் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் மேலே போக வேண்டும். தோளுக்கும் தோள் வாருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் பை உங்களுக்கு நீளம். தோளைச் சரிசெய்ததும் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறினால் குட்டை. இப்படியே மாடிப்படியில் கால் மணி நேரம் ஏறி இறங்குங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத உறுத்தல் அதற்குள் தெரிந்துவிடும். பெண்களுக்கென்று செய்த பைகளில் தோள் வார் குறுகலாக வளைந்தும் இடுப்புப் பட்டை சாய்வாகவும் இருக்கும். தோள் குறுகலான ஆண்களும் அதை மாட்டிப் பார்க்கலாம். டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் எவ்வளவு சுமக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.

முதுகுக்கும் பைக்கும் நடுவில் காற்றோட்டத்துக்காக வலை கட்டிய பைகள் நம் வெயிலுக்கு அருமைதான், ஆனால் அவை சுமையை முதுகைவிட்டுத் தள்ளி நிறுத்தும். ஒரு நாள் நடைக்கு நான் வலையைத்தான் சொல்வேன். கனமான சுமைக்கு முதுகோடு ஒட்டிய ஃபோம். ரெயின் கவரை மட்டும் நம்பவும் வேண்டாம், முதுகுப் பக்கமாக மழை உள்ளே இறங்கும். கெட்டியான பாலிதீன் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் துணியை வைத்தால் போதும்.

நல்ல பையையும் அடுக்குகிற விதத்தில் கெடுக்க முடியும். தண்ணீர், அடுப்பு, சாப்பாடு போன்ற கனமானவை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்கட்டும். அடியில் துணி, வெளிப்பக்கம் இலேசானவை. தண்ணீர் பாட்டிலை ஒரே பக்கப் பையில் வைத்தால் நடக்க நடக்க அந்தப் பக்கம் இழுக்கும், இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஏறும்போது இறுக்கிய இடுப்புப் பட்டை வழியில் தளர்ந்திருக்கும். இறக்கம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் நின்று, தோள் வாரைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பட்டையை மறுபடி எலும்பின்மேல் உட்காரவைத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.