அரபுக் கையெழுத்துப் பிரதி: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறிகள் போட்ட குர்ஆனை ஓதத் தெரியும் என்ற தைரியத்தில் ஒரு பழைய பிரதியின் முதல் பக்கத்தைத் திறந்தேன். நாலாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். உயிர்க்குறி ஒன்றுகூட இல்லை. பல எழுத்துகளுக்குப் புள்ளியும் இல்லை. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைக்காமல் எழுதினார்களே, அதே கதைதான். குறியில்லாத அச்சு அரபியைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க வந்தபிறகு இதில் இறங்குங்கள்.

1. அச்சிலும் வந்துவிட்ட நூலாகப் பாருங்கள். கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் அரபு அறிவியல் பிரதிகளை இலவசமாகப் பார்க்கலாம். நஸ்க் என்ற தெளிவான எழுத்து வடிவில் இருந்தால் நல்லது.

2. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். வரிகள் குறுகிக்கொண்டே வந்து தலைகீழ் முக்கோணமாக முடியும் இடம், படியெடுத்தவர் எழுதிய முடிவுரையாக இருக்கலாம். இங்கே சொற்கள் ஏறக்குறைய வாய்ப்பாடு மாதிரி: 'தம்மல் கிதாப்' (நூல் முடிந்தது), 'அலா யதி' (இன்னார் கையால்), 'அல்-ஃபகீர்' (ஏழை) என்று தன்னைத் தாழ்த்திக்கொண்டு பெயர், பிறகு நாள், மாதம், 'சனத்' என்று வருடம். என்ன வரும் என்று முன்பே தெரிவதால் புள்ளியில்லாத எழுத்தும் பிடிபடும்.

3. வருடத்தை ஒற்றை இலக்கத்திலிருந்து படியுங்கள். 'மூன்றும் இருபதும் நூறும் ஆயிரமும்' என்றால் ஹிஜ்ரி 1123. அதை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் சுமார் கி.பி. 1711. இது படியெடுத்த வருடம், நூல் இயற்றிய வருடமல்ல. மூலப்பிரதியின் முடிவுரையையே அப்படியே பார்த்து எழுதிவைத்தவர்களும் உண்டு, ஜாக்கிரதை.

4. இப்போது அடையாளம் தெரிந்த சொற்களிலிருந்து அந்த எழுத்தருக்கென்று ஓர் அரிச்சுவடி தயாரியுங்கள். சீன் (س) எழுத்தின் மூன்று பற்களை இழுத்து ஒரே கோடாக்குகிறாரா? ஹம்ஸாவுக்குப் பதில் யா போடுகிறாரா? மக்ரிபி (வடமேற்கு ஆப்பிரிக்கப் பாணி) பிரதியானால் ஃபாவுக்குப் புள்ளி கீழே. காஃபுக்கு (ق) மேலே ஒன்றுதான். 'கால' (சொன்னார்) என்பது 'ஃபால' போலத் தெரியும். அரைநாள் இதிலேயே போகும், போகட்டும்.

5. அப்புறம் முதல் பக்கம், அச்சுப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வலப்பக்கத்தின் இடது அடிமூலையில் தனியாக நிற்கும் சொல், அடுத்த பக்கத்தின் முதல் சொல். இரண்டும் பொருந்தாவிட்டால் தாள் காணாமல் போயிருக்கலாம். ஓரத்தில் எழுதி 'ஸஹ்' என்று முடித்திருந்தால் அது விடுபட்டதைச் சேர்த்த திருத்தம்.

முகப்பில் 'யா கபீகஜ்' என்று கண்டால் நூலின் பெயர் என்று குறித்துவிடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க எழுதிய வேண்டுதல் அது.