ஃபியேசோலே ரோமானிய அரங்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் புளோரன்ஸ் போய் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகச் சுற்றிக் கால் வலித்துவிட்டதா? அரை நாளை ஃபியேசோலேக்கு ஒதுக்குங்கள். நகரத்துக்கு வடகிழக்கே சில கி.மீ. தூரத்தில், மலைமேல் இருக்கிற சிற்றூர். புளோரன்ஸை விடப் பழையது. ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கட்டியதை ரோமானியர் பிடித்துத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். 1125-ல் புளோரன்ஸ்காரர்கள் படையெடுத்து இதை நொறுக்கினார்கள். மிஞ்சிய ரோமானிய அரங்கையும் அதைச் சுற்றியுள்ள இடிபாடுகளையும்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

1. போய்ச் சேருவது

புளோரன்ஸின் சான் மார்கோ சதுக்கத்துப் பக்கம் 7-ம் எண் பஸ் ஏறுங்கள். டிக்கெட்டை முன்னாலேயே வாங்கி, ஏறியதும் மறக்காமல் இயந்திரத்தில் பதியுங்கள். கையில் டிக்கெட் இருந்தாலும் பதியாவிட்டால் அபராதம்தான். வளைந்து வளைந்து ஏறும் பஸ், மீனோ சதுக்கத்தில் இறக்கிவிடும். தொல்லியல் வளாகத்தின் வாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

2. எப்போது போவது

கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே நிழல் குறைவு. நான் ஒரு முறை ஜூலை மாத நண்பகலில் போய், கல்படியில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு, மூன்றும் வேண்டும். கோடை மாலைகளில் இங்கே இசை, நாடக விழா நடக்கும். அப்போது பழைய மேடைமேல் புது மேடையும் விளக்குக் கம்பங்களும் நிற்கும். படம் எடுக்கவென்றே போகிறவர்கள் வசந்த காலத்தில் போகலாம்.

3. அரங்கைப் படிப்பது

நுழைந்ததும் கீழே ஓடாதீர்கள். மேல்வரிசையில் நின்று ஒரு முறை முழுதாகப் பாருங்கள். அரைவட்டம் தெரிகிறதா? அதுதான் அடையாளம். ரோமின் கொலோசியம் போல முழு நீள்வட்டமாக இருந்தால் அது வீரர்கள் சண்டையிடும் களம். அரைவட்டமென்றால் நாடகம். இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம், நானும் நினைத்திருந்தேன்.

சமதளத்தில் இப்படி ஒன்றைக் கட்ட வேண்டுமானால் வளைவுமேல் வளைவாக அடுக்கிப் படிகளைத் தூக்கி நிறுத்த வேண்டும். இங்கே மலைச்சரிவே முதுகு கொடுத்துவிட்டது, பெரும்பாலான படிகள் சரிவிலேயே சாய்ந்து கிடக்கின்றன. இனி ஒவ்வொரு வரிசையாக இறங்குங்கள். நடுவே வெட்டும் குறுகிய படிக்கட்டுகள் நடப்பதற்கு, உயரமான படிகள் உட்காருவதற்கு. அடியில் உள்ள அரைவட்டத் தரை ஒர்கெஸ்த்ரா. அதற்கு அப்பால் மேடை, அதன் பின்னால் ஒரு காலத்தில் உயர்ந்த அலங்காரச் சுவர் இருந்தது. இன்று அடித்தளம்தான் மிச்சம். எனக்கு அதில் வருத்தமில்லை. சுவர் போனதால்தான் படியில் உட்கார்ந்தபடியே எதிரே வடக்கு மலைகள் தெரிகின்றன.

ஒருவரைக் கீழே நிறுத்திப் பேசச் சொல்லிவிட்டு, நீங்கள் மேலே போய்க் கேட்டுப் பாருங்கள். கத்த வேண்டாம்.

4. மற்றவை

ஒரு பக்கம் குளியல் கூடம். வெந்நீர், வெதுநீர், குளிர்நீர் என்று தனித்தனி அறைகள், தரைக்கடியில் சூடான காற்று ஓடும் ஏற்பாடு. இன்னொரு பக்கம் கோயில். எட்ருஸ்கர் கட்டியதன் மேலேயே ரோமானியர் திரும்பக் கட்டியது. வளாகத்தின் ஓரத்தில் எட்ருஸ்கர் மதில் உண்டு. சாந்து பூசாமல் பெரிய பெரிய கற்களை அடுக்கிய அந்தச் சுவரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். வாசலருகே கோயில் முகப்போடு நிற்கும் அருங்காட்சியகம் 20-ம் நூற்றாண்டுக் கட்டடம், பழையது என்று ஏமாற வேண்டாம்.

5. திரும்பும் முன்

தெம்பிருந்தால் மீனோ சதுக்கத்திலிருந்து சான் பிரான்செஸ்கோ மடத்துக்கு ஏறுங்கள். சரியான செங்குத்து. வழியிலுள்ள திட்டில் நின்றால் புளோரன்ஸ் பேராலயத்தின் பெரிய குவிமாடம் கீழே சிவப்பாகத் தெரியும். இறங்க அதே 7-ம் எண் பஸ்தான்.