பார்வை இல்லாதவங்களுக்கு சுகர் இருந்தா: மாத்திரை, ரிப்போர்ட், கால் எல்லாத்தையும் அவங்களே கவனிச்சுக்கறது எப்படி

பார்வை இல்லாத ஒருத்தர் சுகருக்காக டாக்டர்கிட்ட போனா, பல இடத்துல டாக்டர் கூட வந்தவங்கள பார்த்துதான் "இவருக்கு நைட் மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா"ன்னு கேக்கறாரு. சம்பந்தப்பட்டவரு பக்கத்து நாற்காலிலயேதான் இருக்காரு, ஆனா விவரம் எல்லாம் மகனுக்கோ மருமகளுக்கோதான் போகுது, அவங்க வேலைக்குப் போயிட்டா வீட்டுல தனியா இருக்கறவருக்கு எது காலை மாத்திரை எது ராத்திரி மாத்திரைன்னே தெரியாது. இது மாறணும். எங்க பெரியப்பாவுக்கு வீட்டுல செய்யறத வச்சு சொல்றேன்.

டாக்டர் ரூமுக்குள்ள போனதும் அவரே பேசட்டும்: "டாக்டர், எனக்குப் பார்வை இல்ல, என்கிட்டயே சொல்லுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?" கூட போறவங்க குறுக்க பேசக்கூடாது, உண்மையில இதுதான் கஷ்டமான வேலை. சீட்டுல 1-0-1னு எழுதி "இத இப்படி போடுங்க"ன்னு விரலால காட்டினா ஒண்ணும் போய்ச் சேராது, மாத்திரை பேரு என்ன, எதுக்கு, எப்போ, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு வாயால கேட்டு வாங்கணும். "புரிஞ்சுதா"ன்னா யாருமே தலையாட்டிடுவாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி அவரே டாக்டர்கிட்ட ஒரு தடவ திருப்பிச் சொல்லட்டும், தப்பு இருந்தா அங்கயே சரி பண்ணிக்கலாம். வரிசைல நிக்கறதப் பத்தியும் ஒண்ணு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25வது பிரிவுல சிகிச்சைக்கு முன்னுரிமை தரணும்னே இருக்கு, தயங்காம கேளுங்க.

மருந்துக்கடைல, பேரும் எக்ஸ்பயரியும் இருக்கற முனைய வெட்டாம அட்டைய குடுக்கச் சொல்லுங்க. வீட்டுல காலை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரி அட்டைக்கு ரெண்டு. பெரியப்பா அட்டைய கைல எடுத்ததும் முதல்ல பேண்டத்தான் தடவுவாரு, அப்புறம் மாத்திரை உருண்டையா நீளமான்னு அழுத்திப் பார்ப்பாரு. கடைக்காரர் வேற கம்பெனி மாத்திரைய குடுத்துட்டா வடிவம் மாறிடும், அப்போ கேக்காம போடக்கூடாது. 2023 ஆகஸ்ட் 1ல இருந்து 300 பிராண்ட் மருந்துக்கு க்யூஆர் கோட் இல்லன்னா பார்கோட் கட்டாயம், போன்ல டாக்பேக் (திரைல இருக்கறத சத்தமா படிச்சுக் காட்டற வசதி) ஆன் பண்ணிட்டு ஸ்கேன் பண்ணினா பேரும் எக்ஸ்பயரியும் காதுல கேக்கலாம்.

லேப் ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, அத போன் ஒழுங்கா படிக்காது, கம்ப்யூட்டர்ல இருந்து நேரா எடுத்த பிடிஎஃப் வேணும்னு கேளுங்க. நம்பர் மட்டும் தெரிஞ்சா பத்தாது, ஹெச்பிஏ1சின்னா கடைசி மூணு மாச சுகரோட சராசரின்னு புரியணும். சுகர் 70க்கு கீழ போனா ஆபத்து. அதுக்கு அறிகுறியா நோட்டீஸ்ல "கண் மங்கும்"னு போட்டிருப்பாங்க, இவங்களுக்கு அதனால பிரயோஜனம் இல்ல, கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர் பசி, இதத்தான் சொல்லித் தரணும். வந்தா உடனே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமாரா மூணு டீஸ்பூன், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட். பேசற குளுக்கோமீட்டர் கிடைக்குது, இருந்தா தனியாவே பார்த்துக்கலாம்.

ரொம்ப முக்கியமானது கால். சுகர்ல கால் மரத்துப் போனா புண்ணு வந்தாலும் வலிக்காது, பார்வையும் இல்லன்னா யாரும் சொல்லாம தெரியவே தெரியாது. நமக்குக் கிடைக்கறது எல்லாம் புண்ணு படம் போட்ட நோட்டீஸ்தான். அதுக்குப் பதிலா கையாலயே சொல்லிக் குடுங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி விரல் இடுக்கு ஒவ்வொண்ணும், குதிகால், பாதத்தோட அடி, எல்லாத்தையும் விரல் நுனியால தடவணும். ஈரமா பிசுபிசுன்னு இருக்கா, தோல் உரிஞ்சிருக்கா, புதுசா வீக்கம் இருக்கா பார்க்கணும். அப்புறம் புறங்கையால ரெண்டு காலையும் தொட்டு ஒண்ணு மட்டும் சூடா இருக்கான்னு பார்க்கணும். கழட்டின சாக்ஸ்ல ஈரமோ நாத்தமோ இருந்தாலும் விடக்கூடாது. செருப்பு போடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு கல்லு இருக்கான்னு தடவணும். விரலும் மரத்துப் போயிருந்தா இது பத்தாது, அப்போ கண்டிப்பா இன்னொருத்தர் தினம் பார்க்கணும்.

தமிழ்நாடு அரசு 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. கொண்டு வர்ற அக்காகிட்ட ஒவ்வொரு அட்டையோட பேரையும் அவர் காதுல விழற மாதிரி படிக்கச் சொல்லுங்க, ரப்பர் பேண்ட அவரே போட்டுக்கட்டும்.