ரோபான் மன்ஹ்வாவுல யாரு கையில பவர்னு கண்டுபிடிக்கிறது எப்படி

செத்துப்போய், தான் படிச்ச ஒரு நாவலுக்குள்ளயே வில்லியா பொறக்குற கொரியன் காமிக்ஸ் கதைங்க இருக்குல்ல, அதான் ரோபான் (ரொமான்ஸ் ஃபேன்டசி) மன்ஹ்வா, அதுல முதல்ல பட்டத்தைப் பாருங்க. டியூக், மார்க்விஸ், கவுண்ட், வைகவுண்ட், பாரன், மேலேர்ந்து கீழ இதான் வரிசை, பாக்க ஐரோப்பா மாதிரி இருந்தாலும் கொரியன்ல எழுதுற கோங்ஜாக் (டியூக்), ஹூஜாக் (மார்க்விஸ்) எல்லாம் பழைய சீனாவோட அஞ்சு பட்டத்துலேர்ந்து வந்த வார்த்தை. இந்தக் கதைங்கள்ல அடிக்கடி வர்ற வடக்கு டியூக் இருக்கானே, பேரரசர் முன்னாடியே திமிரா நிப்பான், ஏன்னா எல்லையில சொந்தப் படை வச்சிருக்கான், பட்டம் சும்மா பேருக்குத்தான்.

அடுத்து காசு. நாவலைப் படிச்சு வரப்போறது தெரிஞ்சதால ஹீரோயின் சுரங்கத்தை மலிவா வாங்கிப் போடுவா, காண்ட்ராக்ட் கல்யாணம் பண்ணுவா, எல்லாம் அப்பன் பிடியிலேர்ந்து தப்பிக்கத்தான்.

அப்புறம் வேலைக்காரங்க, நான் கதையை எடை போடுறதே இதுலதான். ஒரு ப்ரூச் (உடையில குத்துற நகை) குடுத்ததும் உயிரைக் குடுக்குற பணிப்பெண்ணுக்கு பாதி கதையில பேரே இருக்காது! கொரியாவுலயே அடிமை முறை 1894 காபோ சீர்திருத்தத்துலதான் சட்டப்படி ஒழிஞ்சுது, இன்னைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைய தங்க ஸ்பூன், இல்லாதவன மண் ஸ்பூன்னுதான் சொல்றாங்க. மறுபிறவின்னா ஏன் எல்லாரும் டியூக் வீட்டுலயே பொறக்குறாங்கன்னு இப்ப புரியுதா, விவசாயி வீட்டுல பொறந்தா மூணாவது எபிசோட்லயே பஞ்சம் வந்து கதை முடிஞ்சிரும்.