உதிரித் துண்டுகளிலிருந்து கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொம்மைக் கட்டைகள் தயாரிக்கும் லெகோ நிறுவனம் 1979-இல் வெளியிட்ட கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் என்ற பொம்மை விண்கலம் ஐரோப்பாவில் 928 என்றும் அமெரிக்காவில் 497 என்றும் எண்ணிடப்பட்டு விற்பனையானது. அதிலிருந்தவை 338 துண்டுகளே. ஆயினும், எடை போட்டு விற்கப்படும் பழைய கட்டைகளிலிருந்து அதை மீட்டெடுக்க முனைவோர் பலர், எவை அரியவை என்று அறியாமலேயே வாங்கத் தொடங்கிப் பணத்தையும் பொறுமையையும் இழக்கிறார்கள்.

சாதாரணத் தட்டைக் கட்டைகளை முதலில் வாங்கிக் குவிப்பதே மிகுந்த செலவு வைக்கும் தவறு. பிரிக்லிங்க் போன்ற இணையச் சந்தைகளில் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனித்தனியே அஞ்சல் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே, ஒளிபுகும் மஞ்சள் முகப்புக் கண்ணாடிகளும், நிலவுப் பள்ளங்கள் கொண்ட அடித்தளத் தட்டும், 'எல்எல் 928' என்று அச்சிடப்பட்ட கட்டையும் யாரிடம் நல்ல நிலையில் உள்ளன என்று கண்டறிந்து, எஞ்சியவற்றையும் இயன்றவரை அவர்களிடமே வாங்குவது நல்லது.

அடுத்தது சாம்பல் நிறம். 2003, 2004 ஆண்டுகளையொட்டி லெகோ தன் சாம்பல் நிறத்தைச் சற்றே நீலம் கலந்த சாயலுக்கு மாற்றியது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் பிரித்தெடுத்தால் பழையதும் புதியதும் ஒன்றுபோலவே தோன்றும். கட்டி முடித்துப் பகலில் பார்க்கும்போதுதான் கலத்தின் உடல் திட்டுத்திட்டாகத் தெரியும். பழைய சாம்பல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் அதனுடன் ஒப்பிட வேண்டும். 2022-இல் வந்த 10497 என்ற புதிய வடிவத்தை உதிரிகளுக்காக வாங்குவதும் இதே காரணத்தால் பயன் தராது. 1254 துண்டுகள் கொண்ட அது அளவிலும் பெரியது.

குவியலை நிறவாரியாகப் பிரிப்பது இயல்பாகத் தோன்றினாலும், சாம்பல் குவியலுக்குள் சிறிய சாம்பல் தகடு ஒன்றைத் தேடுவது கண்ணுக்குப் பெரும் சோதனை. வடிவத்தின்படி பிரித்தால் நிறம் தானே எடுத்துக் காட்டும். அப்போதே கட்டைகளின் மேற்புறக் குமிழ்களில் லெகோ எழுத்துகள் உள்ளனவா என்று பார்த்துப் போலிகளை ஒதுக்கிவிடலாம்.

கழுவும்போது காட்டும் அவசரம்தான் என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் அதில் கெட்டவை திரும்ப வருவதில்லை. சலவை இயந்திரத்தில் போட்டால் ஒளிபுகும் துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழும். கொதிநீரில் பிளாஸ்டிக் வளையும். 40 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத நீரில், மென்மையான சோப்பிட்டுக் கையால் கழுவுவதே போதும். மஞ்சளித்த கட்டைகளை ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுக்கச் செய்யும் என்றாலும், மஞ்சள் மீண்டும் படியக்கூடும். அச்சுள்ள துண்டுகளை அதில் இடாதிருப்பதே பாதுகாப்பு.

இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை என நான்கு விண்வெளி வீரர்கள் இந்தக் கலத்துக்கு உரியவர்கள். அவர்களுடைய பழைய தலைக்கவசத்தின் தாடைப்பட்டை மெல்லியது, எளிதில் விரிசல் விடுவது. விற்பனைப் படங்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைத் தெளிவாகக் காட்டுவதில்லை என்பதால், நெருக்கமான படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.