காரில் ஹாம் ரேடியோ: பேட்டரியிலிருந்து முதல் அழைப்பு வரை

காரில் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ, பொருத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். ஐகாம், யேசு, கென்வுட் என எந்த நிறுவனத்துடையதானாலும் 2 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 2 மீட்டர் உள்ள அலைவரிசைப் பகுதி) 50 வாட் தரும் வாகன செட் ஒன்று போதும். மெனுக்கள் வேறுபடும், வேலை ஒன்றுதான். பேச்சு எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு தெளிவாகப் போகும் என்பதைத் தீர்மானிப்பவை பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவும். ஆகவே இந்தப் பதிவில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

வண்டியில் செட் இருப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கார் தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஹாம் நிலையம் நடத்துவதற்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தொலைபேசி அறுந்துபோன போர்ட் பிளேரிலிருந்து ஹாம் ரேடியோ வழியாகச் செய்தி அனுப்பினார்கள். அப்படி ஒரு நாளில் பயன்பட வேண்டுமென்றால் செட் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், நமக்கும் கை பழகியிருக்க வேண்டும்.

தொடங்கும் முன்: உரிமம்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதே குற்றம். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, பேசும்போது உங்களை அடையாளம் காட்ட உங்களுக்கென ஓர் அழைப்புக்குறி வந்த பிறகு செட் வாங்குங்கள். உங்கள் வகை உரிமத்துக்கு எத்தனை வாட் வரை அனுமதி, வாகனத்திலிருந்து பேச என்ன நிபந்தனை என்பதை உரிமத்திலேயே வாசித்துக்கொள்ளுங்கள். அதன் நகல் ஒன்று எப்போதும் காரில் இருக்கட்டும். சோதனைச்சாவடியில் கூரைமேல் இருக்கும் கம்பியைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கேட்பது அவர்கள் வேலை.

படி 1: கரண்ட் ஒயர்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 50 வாட் செட் பேசும்போது சுமார் 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். பல கார்களில் அந்த சாக்கெட்டின் ஃபியூஸே 10 அல்லது 15 ஆம்பியர்தான், அதற்குப் போகும் ஒயரும் மெலிசு. பேச ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்கும், செட் அணைந்து அணைந்து எரியும், சாக்கெட் சூடேறும். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பதே சரி.

ஒயரின் தடிமனுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரியிலிருந்து செட் வரை 5 மீட்டர் என்றால், போய்வர 10 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 11 ஆம்பியர் ஓடினால் சுமார் முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயரில் அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, 6 ஸ்கொயரில் 0.3 வோல்ட். இந்த செட்கள் 13.8 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் இருப்பதே 12.5 வோல்ட் அளவுதான், அதில் முக்கால் வோல்ட்டை ஒயருக்குக் கொடுத்தால் மிஞ்சுவது என்ன? 4 ஸ்கொயருக்குக் குறையாமல் வாங்குங்கள். செட்டோடு வரும் ஒயர் எட்டினால் அதுவே நல்லது.

பாசிட்டிவ் ஒயரில் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், அதுவும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பது ஒயரை. செட் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்து, நடுவில் ஒயர் உரசிப் பாடியில் பட்டால், பேட்டரியின் முழு கரண்ட்டும் அந்த ஒயரில் பாயும். அது தீ விபத்து. எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதை செட்டின் கையேடு சொல்லும், அதைத் தாண்டிப் போடாதீர்கள்.

நெகட்டிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. இப்போதைய பல கார்களில், குறிப்பாக ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ளவற்றில், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்ட்டை அளக்கும் சிறு சென்சார் இருக்கும். செட்டின் நெகட்டிவை நேராக அந்த முனையில் மாட்டினால் சென்சார் கணக்குத் தவறிவிடும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் கார் பாடியோடு சேரும் போல்ட் எதுவென்று பார்த்து அங்கே மாட்டுங்கள். சென்சார் இல்லாத பழைய காரில் நேராக முனையிலேயே மாட்டலாம். அப்படி மாட்டினால் அந்த ஒயரிலும் ஃபியூஸ் இருக்கட்டும். இன்ஜினின் எர்த் பட்டை என்றாவது அறுந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரண்ட் உங்கள் செட் வழியாகத் திரும்பப் பார்க்கும்.

இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட்ட துளை ஏற்கெனவே இருக்கும், அதன் வழியாக விடுங்கள். தகரத்தின் விளிம்பில் ஒயர் நேராகப் படக்கூடாது. ஏர்பேக் இருக்கும் இடங்கள், பெடல்கள், சூடான குழாய்கள் எல்லாவற்றையும் விட்டு விலகிப் போகட்டும். வேலை தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸைக் கடைசியில் செருகுங்கள். இந்த வேலை பழக்கமில்லை என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுத்துச் செய்வதில் தவறே இல்லை. ஃபியூஸ் எங்கே, நெகட்டிவ் எங்கே என்று மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

படி 2: செட்டும் மைக்கும்

செட் அசையாமல் இருக்க வேண்டும், பின்பக்கம் காற்று போக வேண்டும், ஏர்பேக் விரியும் வழியில் இருக்கக்கூடாது. இருக்கைக்கு அடியில் செட்டை வைத்து முகப்பை மட்டும் கழற்றி டேஷ்போர்டில் மாட்டும் மாடல்கள் நம் ஊர் சின்ன கார்களுக்கு வசதி. மைக்குக்குக் கொக்கி ஒன்று கட்டாயம் வையுங்கள். இருக்கை இடுக்கில் மைக் விழுந்து பட்டன் அழுந்தியே கிடந்தால், நீங்கள் வைத்திருக்கும் ரிப்பீட்டரை (நம் பேச்சை வாங்கி, உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) வேறு யாரும் பயன்படுத்த முடியாது. மெனுவில் டைம்-அவுட் டைமரை 3 நிமிடத்தில் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு செட் தானாகப் பேச்சை நிறுத்திவிடும்.

படி 3: ஆன்டெனா

2 மீட்டர் பேண்ட் இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. 300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 52 சென்டிமீட்டர். கம்பியில் கொஞ்சம் குறைத்து 49 சென்டிமீட்டர் அளவில் சரியாக வரும். கால் அலை ஆன்டெனா என்பது ஆன்டெனாவில் பாதிதான், மறுபாதி காரின் இரும்புக் கூரை. அதனால்தான் கூரையின் நடுப்பகுதி இதற்குச் சிறந்த இடம். பம்பரிலோ பானெட் ஓரத்திலோ வைத்தால் ஒரு திசையில் நன்றாகக் கேட்கும், இன்னொரு திசையில் மங்கும்.

5/8 அலை ஆன்டெனா இன்னும் தூரம் போகும் என்பார்கள். சமவெளி நெடுஞ்சாலையில் அது ஓரளவு உண்மை. ஆனால் அதன் உயரம் 1.3 மீட்டர் அளவுக்கு வரும். அடுக்குமாடி வீட்டு பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் மரக்கிளை தாழ்ந்த தெருவிலும் தினமும் இடிபடும். தொடங்குகிறவர்களுக்குக் கால் அலையே என் தேர்வு. மலிவு, கோளாறு குறைவு, மலையடிவாரத்திலிருந்து உயரே இருக்கும் ரிப்பீட்டரைப் பிடிக்கவும் நன்றாக இருக்கும்.

பொருத்துவதற்கு மேக்னட் மவுண்ட் எளிது. வைக்கும் முன் கூரையையும் காந்தத்தின் அடியையும் துடைத்துவிடுங்கள், நடுவில் மண் இருந்தால் பெயின்ட் கீறும். கண்ணாடிக் கூரையிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. அங்கே டிக்கிக் கதவின் விளிம்பில் ஸ்க்ரூவால் இறுக்கும் மவுண்ட் வேண்டும். அதன் ஸ்க்ரூ பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கேபிளைக் கதவு ரப்பருக்கு அடியில் விடும்போது நசுங்காத இடம் பாருங்கள், நசுங்கிய கோ-ஆக்ஸ் கேபிளுக்குள் மழைநீர் இறங்கும். கேபிள் நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். ஆர்.ஜி.58 வகையில் 5 மீட்டருக்கு இந்த அலைவரிசையில் சுமார் 1 டெசிபெல் போய்விடும், அதாவது 50 வாட்டில் 10 வாட் கேபிளைச் சூடாக்கவே செலவாகும்.

படி 4: எஸ்.டபிள்யூ.ஆர். பார்ப்பது

ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் பி.டி.டி. பட்டனை (பேசுவதற்காக மைக்கில் அழுத்தும் பட்டன்) அழுத்தாதீர்கள். வெளியே போக வழியில்லாத சக்தி செட்டின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டருக்கே திரும்பும்.

காரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள், கதவுகளை மூடுங்கள், ஆன்டெனா பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) மாட்டி, பவரை லோவில் வையுங்கள். 144.4, 145.0, 145.7 ஆகிய மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதி செய்துவிட்டு, அழைப்புக்குறியைச் சொல்லி, சில நொடிகள் மட்டும் அழுத்திப் பாருங்கள். 145.8-க்கு மேலே வேண்டாம், அது செயற்கைக்கோள்களுக்கான பகுதி. சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரலும் 145.800-இல்தான் இறங்குகிறது.

அளவு 1.5-க்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். 2-ஐத் தாண்டினால் பேசாமல் காரணத்தைத் தேடுங்கள். 144.4-இல் குறைவாகவும் 145.7-இல் கூடுதலாகவும் காட்டினால் கம்பி நீளம் அதிகம், வெட்டலாம். மாறிக் காட்டினால் கம்பி குட்டை. ஒரு மெகாஹெர்ட்ஸ் நகர்வதற்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் போதும். ஆகவே ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். மூன்று இடத்திலும் மோசம் என்றால் நீளத்தைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் முனையிலுள்ள பி.எல்.259 கனெக்டரின் சால்டரையும் மவுண்ட்டின் எர்த்தையும் பாருங்கள்.

நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம், பேண்ட் முழுவதும் ஒரே கோட்டில் தெரியும். அதை மாட்டும்போது செட்டைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சிறு கருவிக்குள் செட்டின் பவர் போனால் கருகிவிடும்.

படி 5: அலைவரிசைகளைப் பதிவது

ரிப்பீட்டருக்கு மூன்று விவரங்கள் தேவை: அது ஒலிக்கும் அலைவரிசை, நாம் பேச வேண்டிய அலைவரிசைக்கான இடைவெளி, டோன் (பேச்சோடு சேர்ந்து போய் ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி). 2 மீட்டர் ரிப்பீட்டர்களில் இடைவெளி பொதுவாக மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ். அது 145.600-இல் ஒலித்தால் நம் செட் 145.000-இல் அனுப்பும். டோன் தவறாக இருந்தால் எல்லோர் பேச்சும் உங்களுக்குக் கேட்கும், உங்கள் பேச்சை ரிப்பீட்டர் கண்டுகொள்ளாது. புதியவர்கள் அதிகம் தவிப்பது இங்கேதான். உங்கள் பகுதி ரிப்பீட்டர் விவரங்களை உள்ளூர் ஹாம்களிடம் கேட்டு, போகும் வழியில் வரும் ரிப்பீட்டர்களையும் சேர்த்து, வரிசையாக மெமரியில் பதியுங்கள். ஓட்டும்போது ஒரு குமிழைத் திருகினால் போதும் என்றாக வேண்டும்.

ரிப்பீட்டர் ஏன் மலைமேல்? இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். சுற்றுச் சமவெளியைவிட 1,200 மீட்டர் உயரத்தில், ஏற்காடு போன்ற இடத்தில், ஓர் ஆன்டெனா இருந்தால் அதன் ரேடியோ தொடுவானம் சுமார் 140 கிலோமீட்டர். காரின் கூரையிலிருக்கும் நம் ஆன்டெனாவுக்கு அது 5, 6 கிலோமீட்டர்தான். நம் குறையை மலை ஈடு செய்கிறது.

படி 6: பேசுவது

முதலில் ஸ்கெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) இரைச்சல் அடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வைத்து, சில நாள் வெறுமனே கேளுங்கள். யார் எப்போது வருகிறார்கள், எப்படி இடைவெளி விடுகிறார்கள் என்பது காதில் பதியும்.

அழைக்கும்போது பி.டி.டி.யை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள், ரிப்பீட்டர் டோனை அறிந்து விழிக்க அந்த நேரம் வேண்டும். இல்லாவிட்டால் அழைப்புக்குறியின் முதல் எழுத்தே காணாமல் போகும். "விக்டர் யூனிஃபார்ம்" என்று தொடங்கி உங்கள் குறியை ஒலிப்பெயர்களால் சொல்லி, கடைசியில் "மொபைல், லிஸனிங்" என்றால் போதும். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். கத்த வேண்டாம். எதிராளி முடித்ததும் உடனே அழுத்தாமல் இரண்டு நொடி விடுங்கள். அவசரச் செய்தியோடு காத்திருப்பவர் அந்த இடைவெளியில்தான் உள்ளே வர முடியும். வியாபாரம், அரசியல், மதம் இந்த அலைவரிசைகளில் கூடாது.

குறைந்த பவரில் கேட்கிறதென்றால் அதிலேயே பேசுங்கள். 10 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 7 டெசிபெல், எதிராளியின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் படியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். சிக்னல் மங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தால், பவரைக் கூட்டும் முன் அரை மீட்டர் முன்னே நகர்த்திப் பாருங்கள். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில்தான் இருக்கும்.

ஓட்டிக்கொண்டே மைக்கைப் பிடிக்காதீர்கள். கையில் பிடிக்கும் தொடர்புச் சாதனத்தை ஓட்டும்போது பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலாகவே பார்க்கிறது. பக்கத்தில் ஒதுங்கி நிறுத்திப் பேசுங்கள்.

இரைச்சல் வந்தால்

உங்கள் பேச்சோடு ஒரு ஊளைச் சத்தம் வருகிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் அதன் சுருதி ஏறுகிறது என்று எதிராளி சொன்னால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி மீண்டும் இறுக்குங்கள், பெரும்பாலும் அங்கேயே தீரும். கேட்கும் பக்கத்தில் இரைச்சல் என்றால் போன் சார்ஜர், டேஷ் கேமரா, பிறகு மாட்டிய எல்.ஈ.டி. விளக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்தான் பல நேரம் குற்றவாளி.

இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசுவதானால் பேட்டரியின் வோல்டேஜைக் கவனியுங்கள். கேட்பதற்கு அரை ஆம்பியர் அளவே ஆகும், ஒரு மாலை முழுக்கக் கேட்கலாம். பேச்சு நீண்டால், 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதற்குள் இன்ஜினை ஓடவிடுங்கள், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் மவுண்ட்டைக் கழற்றித் துடைத்து, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து, எஸ்.டபிள்யூ.ஆரை மறுபடி ஒரு தடவை அளந்து குறித்துவையுங்கள்.