வன்னி வீதிகளில் ஓடும் ஸ்போட்ஸ் கார்: ரயர், பிறேக், சஸ்பென்சன் ஆகியவற்றைத் தெரிவு செய்யும் முறை

எஞ்சினின் வலுவைக் கூட்டிய பிறகுதான் பலர் ரயரையும் பிறேக்கையும் பற்றி எண்ணுகிறார்கள். அதற்கும் முன்பாகவே, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று ஸ்பிறிங்கை வெட்டிக் காரைப் பதித்து விடுகிறார்கள். முதன்முறையாக ஒரு காரை மாற்றியமைக்கப் போகிறவர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். முதலில் ரயர், அடுத்துப் பிறேக், அதன் பின் சஸ்பென்சன், கடைசியில் எஞ்சின் என்ற ஒழுங்கில் செலவிட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் கார் முன்னிருந்ததைவிடப் பாதுகாப்பானதாகவே இருக்கும்.

படி 1: உங்கள் வீதியை எழுதிக்கொள்ளுங்கள்

பாகங்களின் விலையை விசாரிப்பதற்கு முன், கார் ஒரு கிழமையில் எங்கெங்கே ஓடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்குச் செல்லும் ஏ9 வீதி காப்பற் வீதி. ஆனால் அதிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டு, பலருக்கு இன்னமும் கிறவல் ஒழுங்கையாகவோ குளக்கட்டு வீதியாகவோதான் இருக்கிறது. இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். காட்டை ஊடறுக்கும் பகுதிகளில் யானையும் குறுக்கிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியோரத்துக் களிமண் காப்பற்றின் மேல் படிந்து வழுக்கும். நகர எல்லைக்கு வெளியே காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கி.மீ. ஆகவே இங்கே ஒரு காருக்கு வரக்கூடிய மிகக் கடினமான சோதனை, நனைந்த வீதியில் அந்த 70இல் வரும்போது திடீரென எதிர்ப்படும் மாட்டுக்கு முன்னால் நேராக நிற்பதுதான். இனிச் செய்யும் தெரிவுகள் எல்லாவற்றையும் இதை வைத்தே எடைபோடுங்கள்.

படி 2: ரயர்

ரயரின் பக்கச்சுவரில் 195/55 ஆர்15 85வி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீற்றரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 வீதம் என்பதைக் குறிக்கிறது. அதாவது ஏறத்தாழ 107 மி.மீ. 15 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். 85 என்ற சுட்டெண், ஒரு ரயர் 515 கிலோ வரை தாங்கும் என்பதைக் காட்டுகிறது. வி என்ற எழுத்து 240 கி.மீ. வேகம் வரைக்குமானது.

பெரிய றிம் போடும்போது ரயரின் முழு விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறினால் வேகமானி பிழையாகக் காட்டும், ரயர் மட்கார்ட்டில் உரசவும் கூடும். தொழிற்சாலையில் 185/65 ஆர்14 பூட்டப்பட்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு விட்டம் ஏறத்தாழ 596 மி.மீ. 195/55 ஆர்15 போட்டாலும் 205/40 ஆர்17 போட்டாலும் விட்டம் அதே 596க்குக் கிட்டத்தான் வருகிறது. ஆனால் பக்கச்சுவர் 120 மி.மீற்றரிலிருந்து முதல் தெரிவில் 107 ஆகவும், இரண்டாவது தெரிவில் 82 ஆகவும் குறைந்துவிடுகிறது. அந்த 82 மி.மீ. றப்பர் வன்னியின் மதகு விளிம்புகளுக்கும் மழையில் நீர் நிரம்பி மறைந்திருக்கும் குழிகளுக்கும் போதாது. றிம் வளையும், பக்கச்சுவர் உள்ளே அறுந்து வீங்கும். இங்கே ஓடும் சிறிய காருக்கு 15 அங்குலமே என் தெரிவு. அதற்கு மேல் போக விரும்புகிறவர், அந்த அளவு ரயர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உடனே கிடைக்குமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். வெடித்த ஒரு ரயருக்காகக் கொழும்பிலிருந்து பொதி வரும்வரை காரை நிறுத்திவைக்க நேரலாம்.

அடுத்ததாகத் திகதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு கிழமையையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்யப்பட்டது. பாவித்த ரயரைப் பூக்கட்டை, அதாவது தரையைப் பிடிக்கும் வெட்டுகள், ஆழமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். வெயிலில் கிடந்து இறுகிய றப்பர், பூ எவ்வளவு இருந்தாலும் மழையில் பிடிக்காது. பூவுக்கிடையில் தெரியும் தேய்மானக் குறிகள் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும், பூ அவற்றோடு மட்டமாகும்வரை காத்திருந்தால் மழைக்காலத்துக்குப் பிந்திவிடும். 3 மி.மீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுவதே நல்லது. ஓட்டப் போட்டிக்கான மென்றப்பர் ரயர் விரைவில் தேயும், தேங்கிய நீரை வெளியேற்றவும் மாட்டாது. அன்றாட வீதிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு ரயர்களும் ஒரே வகையாக இருக்க வேண்டும். காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் அளவிடுங்கள். ஓடிச் சூடான ரயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு, அதைக் கண்டு காற்றை இறக்கக் கூடாது.

படி 3: பிறேக்

நல்ல நிலையிலுள்ள பிறேக் எதுவும், 70 கி.மீ. வேகத்தில் ஒருமுறை அழுத்தினால் சில்லை இறுக்கிவிடும் வல்லமை உடையதுதான். அதற்கு மேல் காரை நிறுத்துவது ரயரின் பிடி. ஆகையால் பெரிய டிஸ்க் போட்டதும் நிற்கும் தூரம் தானாகக் குறையும் என்று எண்ண வேண்டாம். பெரிய டிஸ்க்கின் பயன், திரும்பத் திரும்ப அழுத்தும்போது எழும் வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது. 70இலிருந்து நிறுத்துவதைவிட 100இலிருந்து நிறுத்தும்போது வெப்பம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்பதால், கட்டுக்குருந்தை போன்ற கார்ப் பந்தய ஓடுபாதைக்குக் காரைக் கொண்டுபோகிறவருக்கு அது தேவைப்படலாம். மட்டமான வன்னி வீதியில் ஓடுகிறவருக்குப் பின்வரும் வேலைகளே போதும்.

முதலில் பிறேக் ஒயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். கொதித்தால் பெடல் அடிவரை போய்விடும். பிறேக் ஒயிலின் தரத்தை டொட் என்ற பெயரோடு ஓர் எண்ணால் குறிப்பார்கள். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் ஏறியபின் 140 பாகைதான். டொட் 4 வகைக்கு இவை 230, 155. ஆகவே டொட் 4 ஊற்றி, இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். பெயர் ஒத்திருக்கிறதென்று டொட் 5ஐ மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கன் வகை, மற்றவற்றோடு கலக்காது.

பின்னர் டிஸ்க்கின் தடிப்பை அளந்து, அதன் ஓரத்தில் பொறித்திருக்கும் ஆகக்குறைந்த அளவோடு ஒப்பிடுங்கள். கிறவல் புழுதி டிஸ்க்கை அரித்து வரிவரியாக்கும் என்பதால் இங்கே இதை அடிக்கடி பார்க்க வேண்டும். டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பாட்டை வாங்கும்போது குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும் வீதிவகைப் பாட்டையே கேளுங்கள். பந்தயப் பாட் சூடாகும்வரை சரியாகப் பிடிக்காது, மாடோ நீங்கள் சூடேற்றும்வரை காத்திருக்காது. புதிய பாட்டை, வாகனமில்லாத நேரான வீதியில் 60இலிருந்து 20 வரை, முற்றாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை மிதமாக அழுத்திப் படியவிட்டு, பிறகு பிறேக் பிடிக்காமல் சற்று ஓடி ஆறவிடுங்கள்.

முன்பக்கத்துக்கு மட்டும் பெரிய பிறேக் பூட்டுவது முன் பின் சமநிலையைக் குலைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கும் காரில் அதைக் கழற்றிவிடச் சொல்லும் ஆலோசனை எவரிடமிருந்து வந்தாலும் ஏற்காதீர்கள்.

படி 4: சஸ்பென்சன்

புதியது வாங்குமுன் பழையதைச் சோதியுங்கள். காரை ஜக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் சில்லைத் தாங்கும் மூட்டான போல் ஜொயின்ற்றின் ஆட்டம் தெரியும். மூட்டுகளிலுள்ள றப்பர் புஷ் வெடித்திருக்கிறதா, ஷொக் அப்சோபரில் ஒயில் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை மாற்றினாலேயே பழைய கார் ஒன்று வளைவுகளில் வியக்கத்தக்க அளவு திருந்திவிடும்.

ஸ்பிறிங்கை வெட்டுவது மிக ஆபத்தானது. வெட்டிய ஸ்பிறிங் முன்னையதைவிடக் கடினமாகும், பழைய ஷொக் அதன் துள்ளலை அடக்கமாட்டாது. சில்லு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிறிங் தான் பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து விலகவும் கூடும். பதிக்கத்தான் வேண்டுமென்றால், ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்யப்பட்ட ஸ்பிறிங்கையும் ஷொக்கையும் ஒரு தொகுதியாக வாங்கி, 25 மி.மீற்றருக்கு மேல் இறக்காமல் நிறுத்துங்கள். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப் கிறவல் வீதியின் நடுமேட்டில் அடிபடாமல் இருக்க அந்த உயரம் வேண்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால், சம்புக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு பூட்டிக்கொள்ளுங்கள்.

உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய கொயில்ஓவர் மீது எல்லோருக்கும் ஆசை உண்டு. அதன் திருகுப்புரியில் புழுதியும் சேறும் புகுந்து இறுகிவிடும் என்பதால், கழுவிப் பராமரிக்கும் பொறுமை உள்ளவருக்கே அது உகந்தது. வளைவில் கார் சரிவதைக் குறைப்பதே நோக்கமென்றால், இடது வலது சில்லுகளின் சஸ்பென்சனை இணைக்கும் ஸ்டபிலைசர் பாரைச் சற்றுத் தடித்ததாகப் போடுவது குறைந்த செலவில் அதைச் செய்துதரும்.

படி 5: பூட்டிய பின்

உயரம் மாறினால் சில்லுகளின் கோணமும் மாறும். ஆகவே அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ற் செய்யாமல் ஏ9இல் ஏறாதீர்கள், புதிய ரயர் உட்பக்கமாகத் தின்றுபோகும். மாற்றங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் வேலை தொடங்குமுன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் சில்லு நட்டுகளை முறுக்குவிசைச் சாவியால் மீண்டும் சரிபாருங்கள். புதிய ஸ்பிறிங் சில கிழமைகளில் சற்றுப் படியும். அப்போது உயரத்தை அளந்து, அலைன்மென்ற்றை இன்னொரு தடவை செய்துகொள்ளுங்கள்.